மேட்டுக்காட்டில் ஒன்றும் இல்லை

புஷீலே ஊர்க்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். புருஷனுக்கு மூலம் என்பதையும், மருமகள் சுட்ட ரொட்டியை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்பதையும் கேட்காமலே உங்களிடம் சொல்லிவிடுவார்கள். ஆனால் கூடையைப் பார்த்து, "இந்தக் காளானை எங்கே பறித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாதி ஊர் அந்த நொடியே செவிடாகிவிடும். மீதி ஊர் மேட்டுக்காட்டைக் கை காட்டும்.

"மேட்டுக்காட்டுக்குப் போங்க, அங்க கொட்டிக் கிடக்கு" என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், அங்கே ஒரு மண்ணும் இல்லை, தொலைந்து போ என்று அர்த்தம். டவுனிலிருந்து காரில் வருகிறவர்கள், புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார், தூரத்துச் சொந்தம், எல்லாரையும் அங்கேதான் அனுப்புவோம். அவர்கள் ரோட்டோரத்துக் குட்டிப் பைன் மரங்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்து, இடுப்பு வலியும் நாலு உண்ணியும் சம்பாதித்துக்கொண்டு திரும்புவார்கள். எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நடக்கிற விருந்தோம்பல் இது.

எங்களைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஜூகியா வட்டாரத்து மண் வெறும் மணல். உருளைக்கிழங்கே முனகிக்கொண்டுதான் முளைக்கும். காளானும் காட்டுப் பழமும் இல்லையென்றால் ஜூகியாப் பெண்கள் அம்மணமாகத்தான் திரிய வேண்டும் என்று லித்துவேனியா முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் காளான் எங்களிடமிருந்துதான் போகிறது. சாப்பாட்டுக்கு மட்டுமா? பிர்ச் மரத்தில் கரிக்கட்டை போலப் பிடிக்கும் கறுப்புக் காளானைக் காய்ச்சிக் குடித்தால் வயிறு சொன்ன பேச்சைக் கேட்கும். புள்ளி போட்ட சிவப்பு ஈக்கொல்லிக் காளானைச் சாராயத்தில் ஊறப்போட்டு முழங்காலில் தேய்ப்போம். தின்றால் பரலோகம், தேய்த்தால் சுகம் என்பது ஊர்க் கணக்கு. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று டாக்டர் திட்டுவார். திட்டிவிட்டுப் போகும்போது ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போவார். அவருடைய அம்மாவுக்காம்.

மோர்த்தாவுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் சாப்பாட்டுக் கடை. போலந்துக்கும் வில்னியஸுக்கும் போகிற லாரிக்காரர்கள் அவளுடைய காளான் சூப்புக்காகவே வண்டியை ஓரங்கட்டுவார்கள். பராவிகாஸ் என்கிற பழுப்புத் தொப்பிக் காளான், உருளைக்கிழங்கு, மேலே ஒரு கரண்டி புளித்த பாலாடை, அவ்வளவுதான். ஆனால் அந்த வாசனைக்கு ஒரு டிரைவர், "அக்கா, எனக்குப் பெண்டாட்டி இல்லேன்னா உன்னைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்" என்று சொல்லியிருக்கிறான். "சூப்பைத் தூக்கிட்டுப் போ, என்னைத் தூக்கினா உன் இடுப்பு போயிடும்" என்றாள் மோர்த்தா. பராவிகாஸ் இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் மோர்த்தா யாரோ ஒரு பொம்பளை.

அவளுடைய இடம் ஓநாய்ப் பள்ளம். அங்கே சாய்ந்து நிற்கும் ஒரு கிழட்டுப் பைன் மரத்தடி. அம்மா சாகும் தறுவாயில்தான் அதை மோர்த்தாவின் காதில் சொன்னாள். அதையும் முதலில் தப்பாகச் சொன்னாள். பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டுப் போன பிறகு, நரகத்துக்குப் பயந்து, திருத்திச் சொன்னாள். அன்றிலிருந்து மோர்த்தா விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்கட்டும் என்று ஏரிப் பக்கம் போய், அங்கிருந்து பின்வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போவாள். வரும்போது கூடையின் மேலே பெரணி இலையைப் போட்டு மூடி, அதற்கு மேல் ரெண்டு பூச்சி அரித்த காளானை வைத்திருப்பாள். புருஷனுக்குக்கூட இடத்தைச் சொன்னதில்லை.

புருஷன் யோகூபாஸ் வீட்டோடு மாப்பிள்ளை. ஏரிக்கு அப்பாலுள்ள ஊரிலிருந்து வந்தவன். டிராக்டர் ரிப்பேர் செய்வான், மற்ற நேரம் மீன் பிடிக்கப் போவான். பெரும்பாலும் மீன் கிடைக்காது. "மீன் எங்கேடா மனுஷா?" என்று கேட்டால், "கடிக்கவே இல்ல" என்பான், காது மட்டும் தக்காளியாகச் சிவந்திருக்கும். ஏரிக் காற்றுக்குக் காது சிவந்திருக்கிறது, பாவம் என்று மோர்த்தா நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவனுடைய அண்ணன் வீட்டிலிருந்து நூலில் கோத்த உலர்ந்த பராவிகாஸ் சரம் சரமாக வரும். "உங்க ஊர்க் காளான்ல வாசனையே கிடையாது" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே மோர்த்தா அதை வாங்கிப் பெட்டியில் வைப்பாள். குளிர்காலச் சூப்பு முழுவதும் அதில்தான் கொதித்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஊருக்கு, வசந்த காலத்தில், வன அதிகாரி ரிம்கௌதாஸ் வந்து சேர்ந்தான். நல்ல பையன். எங்கள் ஊரில் நல்ல பையன்களுக்கு வேலையே ஓடாது.

கடையில் உட்கார்ந்து சூப்பைக் குடித்துக்கொண்டே அவன் விஷயத்தைச் சொன்னான். "அக்கா, வர்ற குளிர்காலம் ஒரு காட்டை வெட்டியாகணும், மேலிடத்து உத்தரவு. ஓநாய்ப் பள்ளம் இல்லேன்னா மேட்டுக்காடு. ஊர்க்காரங்க காளானுக்கும் பழத்துக்கும் எதை நம்பியிருக்கீங்களோ அதை விட்டுடலாம்னு விதி இருக்கு. சொல்லுங்க, எங்க காளான் இருக்கு?"

அவ்வளவுதான். மோர்த்தாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. இவனுடைய மச்சான் பக்கத்து ஊரில் காளான் வாங்கும் கடை வைத்திருக்கிறான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஓஹோ, கதை அப்படிப் போகுதா? காட்டை வெட்டுகிறானாம், விதி இருக்கிறதாம்! மச்சானுக்கு இடம் பிடித்துக் கொடுக்க எத்தனை பெரிய நாடகம்!

"ஓநாய்ப் பள்ளமா? ஐயோ தம்பி, அங்க என்ன இருக்கு! மணலும் உண்ணியும். என் கோழிகூட அங்க போய்க் கிளறாது. மேட்டுக்காடுதான் எங்களுக்குச் சோறு போடுற தாய். அதைத் தொட்டீங்க, நாங்க பட்டினிதான்" என்றாள். சொல்லும்போது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வந்தது. தன் நடிப்பைத் தானே மெச்சிக்கொண்டு அவனுக்கு இன்னொரு கரண்டி சூப்பு ஊற்றினாள்.

அவன் வீடு வீடாகப் போனான். ஊர் முழுக்க மேட்டுக்காட்டைப் புகழ்ந்து பாட்டுப் படித்தது. ஒருத்தரோடு ஒருத்தர் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. அப்படி ஒரு ஒற்றுமை.

இலையுதிர் காலம் வந்து, முதல் மழை பெய்து விட்டதும், மோர்த்தா கூடையோடு ஓநாய்ப் பள்ளத்துக்குப் போனாள். சாய்ந்த பைன் மரத்தின் இடுப்பில் ஆரஞ்சுப் பெயிண்டால் வளையம் போட்டிருந்தது. பக்கத்து மரத்திலும் இருந்தது. அதற்கடுத்த மரத்திலும். பள்ளம் முழுக்க மரங்கள் ஆரஞ்சு ஒட்டியாணம் கட்டிக்கொண்டு நின்றன. மோர்த்தா பாசியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெட்டினால் மரம்தானே போகும், காளான் மறுபடி முளைக்காதா என்று டவுன்காரன் கேட்பான். நாம் பறிப்பது வெறும் காய் என்று அவனுக்குத் தெரியாது. செடி மண்ணுக்குள்ளே இருக்கிறது, வெள்ளை நூலாக, மர வேரோடு பின்னிக்கொண்டு. நூல் வேருக்குத் தண்ணீர் தேடிக் கொடுக்கும், வேர் நூலுக்குச் சர்க்கரை கொடுக்கும். ஒரே வீட்டு மாமியார் மருமகள் மாதிரி; யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்று சண்டை வரலாம், ஆனால் ஒருத்தி போனால் இன்னொருத்திக்கு அடுப்பு எரியாது. மரத்தை வெட்டினால் பராவிகாஸும் போச்சு. புதுக் கன்று நட்டு, அது வளர்ந்து, மறுபடி காளான் வருவதற்குள் மோர்த்தா கல்லறையில் இருப்பாள். அம்மாவே இன்னொரு முறை செத்தது போல இருந்தது அவளுக்கு.

அப்போது புதரில் சரசரப்பு. வெளியே வந்தது அவளுடைய அண்ணன் பெண்டாட்டி விக்தே. கையில் கூடை, கூடையின் மேல் பெரணி இலை.

"அண்ணியா? என்ன இந்தப் பக்கம்?" என்றாள் மோர்த்தா, தன் கூடையைப் பாவாடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே.

"சும்மா காத்தாட வந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார். நீ?"

"நானும் காத்தாடத்தான்."

"கூடையோடயா?"

"நீங்களும் கூடையோடத்தானே காத்தாடுறீங்க?"

ரெண்டு பேரும் பெயிண்ட் வளையங்களைப் பார்த்தார்கள். விக்தேவின் உதடு துடித்ததை மோர்த்தா பார்த்தாள்.

"வெட்டப் போறானுங்க போல" என்றாள் விக்தே. "நமக்கென்ன, இங்க என்ன கிடக்கு!"

"அதானே. வெட்டிட்டுப் போகட்டும்" என்றாள் மோர்த்தா. இதைச் சொல்வதற்குப் பதில் அவள் நாக்கைக் கடித்துத் துப்பியிருக்கலாம்.

மறுநாள் மோர்த்தா வன அலுவலகத்துக்குப் போனாள். ரிம்கௌதாஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, அந்த ஓநாய்ப் பள்ளம்... அதுல கருப்பு நாரை கூடு கட்டியிருக்கு. பாவம், பறவை."

"நாரை நேத்தே வந்துடுச்சு, அக்கா" என்றான் அவன். "ஊர்த்தலைவர் சொன்னார். உங்க அண்ணி வந்து, அங்க மாதா காட்சி கொடுத்தாங்கன்னு சொன்னாங்க. இன்னொருத்தர் நெப்போலியனோட சிப்பாய்ங்களை அங்கதான் புதைச்சிருக்குன்னு சத்தியம் பண்றார். வசந்தத்துல வெறும் மணலும் உண்ணியுமா இருந்த இடம், இப்ப மாதாவும் ராணுவமுமா நிக்க இடமில்ல. எனக்கு இதெல்லாம் வேணாம். அங்க காளான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். இருக்கா?"

மோர்த்தா வாயைத் திறந்தாள். கதவுக்கு வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, இருமல்கூட இல்லாமல், காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காளானா? அங்கயா? சீச்சீ" என்றாள்.

கடைசியில் ரிம்கௌதாஸ் ஊர்ப் பொதுக்கூடத்தில் கூட்டம் போட்டான். அன்று மழை. ஈரக் கோட்டு வாசனையும் ஈக்கொல்லித் தைல வாசனையுமாக ஊர் முழுக்க வந்து உட்கார்ந்தது. "இன்னைக்குச் சொன்னா உண்டு. நாளைக்கு ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பிடுவேன். ஓநாய்ப் பள்ளத்துல காளான் பறிக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான்.

எல்லாரும் அவரவர் செருப்பை ஆராய்ச்சி செய்தார்கள். யாராவது ஒரு முட்டாள் எழுந்து சொல்லட்டும், காடு பிழைக்கும், நம் இடமும் யாருக்கும் தெரியாது என்று ஒவ்வொரு தலையும் கணக்குப் போட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் ஊர் நுணல்கள் வாயை மூடிக்கொண்டே கெடத் தெரிந்தவை.

மோர்த்தா சாய்ந்த பைன் மரத்தை நினைத்தாள். அது தரையில் விழும் சத்தத்தை நினைத்தாள். கால் தானாக எழுந்துவிட்டது.

"இருக்கு! நான் பறிக்கிறேன். சாய்ஞ்ச பைன் மரத்தடியில. எங்கம்மா காலத்துலேர்ந்து. போதுமா? எல்லாருக்கும் இப்ப மனசு குளிர்ந்துச்சா?" என்று கத்தினாள். கத்தி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"அடிப் பாவி!" என்று விக்தே துள்ளி எழுந்தாள். "அது என் மரம்டி! வருஷா வருஷம் எவளோ முன்னாலயே அறுத்துட்டுப் போறான்னு பார்த்தா, நீதானா அந்தக் களவாணி?"

"உங்க மரமா? அப்ப காத்தாட வந்தது?"

"யாரு மரம்? நான் எங்கப்பாகூடப் போன இடம்மா அது!" என்றார் ஊர்த்தலைவர்.

அப்புறம் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. ஊர் முழுக்க ஒரே பள்ளத்தில், ஒரே மரத்தைச் சுற்றி, ஆளுக்கொரு நேரத்தில், தான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு பறித்திருக்கிறது. ரிம்கௌதாஸ் மேசையைத் தட்டித் தட்டிக் கை வலித்துப் போனான்.

"சரி, சரி! ஓநாய்ப் பள்ளம் தப்பிச்சது. அப்ப மேட்டுக்காட்டைத்தான் வெட்டணும். அங்க கொட்டிக் கிடக்குன்னு சொன்னீங்களே?"

கூடமே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. "மேட்டுக்காடா!" "தம்பி, அது வழக்கமாச் சொல்றது!" மோர்த்தாவுக்குத்தான் எல்லாரையும்விடக் குரல் ஓங்கி இருந்தது. இடத்தை இழந்த எரிச்சலெல்லாம் அதில் வெளியே வந்தது. "மேட்டுக்காட்டுல ஈக்கொல்லி முளைச்சாலே அதிசயம்! தாராளமா வெட்டுங்க!"

"இந்த ஊர்ல ஒரே ஒருத்தர்தான் வசந்தத்துலேயே எங்கிட்ட உண்மையைச் சொன்னார்" என்றான் ரிம்கௌதாஸ். "மேட்டுக்காட்டுல ஒண்ணும் இல்ல, நேரத்தை வீணாக்காதீங்கன்னார். யோகூபாஸ் அண்ணன்! எழுந்திருங்க, அண்ணே. இவரைப் பார்த்துக் கத்துக்குங்க."

கை தட்டினார்கள். மோர்த்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் வீட்டுக்காரனுக்குப் பொய் சொல்ல வராது!" என்று எழுந்து சொன்னாள். யோகூபாஸ் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான், மூடினான். காது ரெண்டும் பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி இருந்தது. இங்கே ஏரிக் காற்று ஏது என்று மோர்த்தாவுக்கு லேசாக உறைத்தது. ஆனால் கைதட்டலில் அதை விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சூப்பு வைத்தாள். அவன் கரண்டியைத் தொடவில்லை.

"என்ன, பாராட்டுலயே வயிறு நிறைஞ்சுடுச்சா?"

"மோர்த்தா, இந்தச் சூப்பு எங்கேர்ந்து வருதுன்னு நினைச்ச?"

"உங்கண்ணன் அனுப்பின வாசனை கெட்ட காளான். ஏன்?"

"அண்ணன் ஒரு காளானும் அனுப்பல. அவன் காளானே திங்க மாட்டான். எல்லாம் மேட்டுக்காட்டுல பறிச்சது."

மோர்த்தா அவன் முன்னாலிருந்த சூப்பை முகர்ந்து பார்த்தாள்.

"கல்யாணமான புதுசுல உங்கப்பா எங்கிட்ட, மாப்பிள்ளை, மேட்டுக்காட்டுக்குப் போங்க, கொட்டிக் கிடக்குன்னார். நான் வெளியூர்க்காரன், எனக்கு என்ன தெரியும்? மாமனார் சொல்லிட்டாரேன்னு போனேன். முன்னால ஒண்ணும் இல்ல. மாமனார் பொய் சொல்வாரான்னு சதுப்பைத் தாண்டி இன்னும் உள்ள போனேன். அங்க, மோர்த்தா..." அவன் ரெண்டு கையையும் அகல விரித்தான். "அங்க இருக்கிற மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல."

"கல்யாணமானதுலேர்ந்து எங்கிட்ட மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னியே, படுபாவி!"

"நீ காத்தாடப் போனியே."

"அப்ப கூட்டத்துல ஏன் வாயைத் திறக்கல? நான் அங்க நின்னு வெட்டுங்க வெட்டுங்கன்னு கத்தினேனே!"

"ஊரே உத்தமன்னு கை தட்டுது. அப்ப எழுந்து, நான் சொன்னதுதான் பெரிய பொய்யின்னு சொல்லவா? அதுவும் நீ அத்தனை பேருக்கு முன்னால சத்தியம் பண்ணின பிறகு?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மோர்த்தா புருஷன் தலையிலும் சேர்த்துப் போட்டிருந்தாள்.

விடிந்ததும் ஓநாய்ப் பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தாள். சந்தை மாதிரி இருந்தது. ரகசியம் போன பிறகு யாருக்கு என்ன வெட்கம்? ஊர் முழுக்கக் கூடையும் வாளியுமாக இறங்கியிருந்தது. ரிம்கௌதாஸின் மச்சான் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பாசியெல்லாம் மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. சாய்ந்த பைன் மரத்தடியில் விக்தே கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். காடு பிழைத்தது, மோர்த்தாவின் இடம் செத்தது.

மோர்த்தா நேராக வன அலுவலகத்துக்கு ஓடினாள். "தம்பி, மேட்டுக்காட்டை வெட்டாதீங்க. அங்கதான் நிஜமாவே கொட்டிக் கிடக்கு!"

ரிம்கௌதாஸ் பேனாவைக் கீழே வைத்தான். "அக்கா, வசந்தத்துல இருக்குன்னீங்க. கூட்டத்துல இல்லேன்னீங்க. இப்ப இருக்குன்றீங்க. நான் மனுஷன்தானே? கண்ணுல காட்டுங்க, விட்டுடறேன். காட்டலேன்னா இன்னைக்கே பெயிண்ட்."

மூன்று பேரும் போனார்கள். யோகூபாஸ் முன்னால் நடந்தான். குட்டிப் பைன்களைத் தாண்டி, சதுப்பு ஓரமாக இடப்பக்கம் திரும்பி, ஒரு மொட்டை வெளியில் போய் நின்றான். அங்கே அழுகிப்போன ஈக்கொல்லிகள் நாலு, ஒரு துருப்பிடித்த வாளி. வேறொன்றும் இல்லை.

"இங்கதான்" என்றான். காது எரிந்தது.

ரிம்கௌதாஸ் அவன் தோளில் கை வைத்தான். "அண்ணே, நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி. அக்கா மனசு நோகக் கூடாதுன்னு வந்தீங்க, புரியுது. இந்த ஊர்ல ஒரு யோக்கியன் இருக்கிறதே எனக்குப் போதும்." அவன் பைக்குள்ளிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கண்ணில் பட்ட பெரிய மரங்களுக்கெல்லாம் வளையம் போட்டுக்கொண்டே ஜீப்பை நோக்கிப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மோர்த்தா பாய்ந்தாள். "உனக்கு மூளை கீளை இருக்கா? உன் காதைப் பார்த்தாலே தெரியுது இது இடமில்லேன்னு! ஏன்யா?"

"கால் அந்தப் பக்கம் போகமாட்டேங்குது, மோர்த்தா" என்றான் அவன் பரிதாபமாக. "இன்னொருத்தன் பின்னால வந்தா கால் தானா இந்தப் பக்கம் திரும்பிடுது. அதுவும் அவன் மச்சான்..." பிறகு அவள் கையைப் பிடித்தான். "நீ வா."

பாசியில் புதைத்து வைத்திருந்த பலகைகள் மேல் சதுப்பைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் கிழட்டு மரங்கள், கீழே முழங்கால் புதையும் பாசி. அதில் பராவிகாஸ்கள், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டிகள் மாதிரி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு, பார்க்கிற இடமெல்லாம். இவனை மணந்து இத்தனை காலம் ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறாள். இவனைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் எதையோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். அவளுக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது.

தூரத்தில் ஜீப் இன்னும் கிளம்பவில்லை. ரிம்கௌதாஸ் டப்பாவை வண்டியில் போடும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவான். வந்தால் காடு பிழைக்கும்.

"கூப்பிடு" என்றான் யோகூபாஸ். "என்னால முடியாது. நீ கூப்பிட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மோர்த்தா வாய்க்குக் கை குவித்தாள். கூப்பிட்டால் நாளை மறுநாள் இங்கேயும் வாளிகள் வரும். இந்தப் பாசியில் அண்ணி கால் நீட்டி ரொட்டி தின்பாள். கூப்பிடாவிட்டால் ஜனவரியில் இங்கே மரம் இருக்காது, அடுத்த வருஷம் காளானும் இருக்காது. அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அவள் முட்டாள் இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இன்றைக்கு மட்டும், ஒரே ஒரு நாள், இது அவர்கள் ரெண்டு பேருக்கு மட்டும் இருக்கட்டும்.

ஜீப் கிளம்பிப் போனது. மோர்த்தா குனிந்து கத்தியை எடுத்தாள்.

கூடைகளைப் பெரணி இலையால் மூடிக்கொண்டு திரும்பி வரும்போது, ரோட்டில் விக்தே எதிரே வந்தாள். "என்ன, ஜோடியா எங்க போயிட்டு வர்றீங்க?"

"மேட்டுக்காட்டுக்கு" என்றாள் மோர்த்தா.

விக்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மேட்டுக்காட்டுக்கா! ஏன்டி, உன் புருஷன்தான் வெளியூர்க்காரன், உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு? என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் இல்ல, அண்ணி. காஞ்சு கிடக்கு."

மோர்த்தா மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. சரங்கள் கோத்து உலர்த்தியாயிற்று, கிறிஸ்துமஸ் விருந்துக்குக் காளான் வைத்த கொழுக்கட்டை செய்தாயிற்று. கொட்டும் பனியில் ஒரு நாள் காலையில் மேட்டுக்காட்டுப் பக்கமிருந்து ரம்பச் சத்தம் வந்தது. கடையில் உட்கார்ந்திருந்த யோகூபாஸ் எழுந்து, தூண்டிலை எடுத்துக்கொண்டு, ஏரி உறைந்து கிடந்ததையும் பார்க்காமல் வெளியே போனான்.

மோர்த்தா ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். சத்தம் அப்படியும் கேட்டது. ஒவ்வொரு மரம் விழும்போதும் அடுப்பின் மேலிருந்த மூடி லேசாகக் கிணுகிணுத்தது. அவள் சூப்புப் பானைக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்னடி, ஏன் அழுற?" என்றாள் சூப்பு குடிக்க வந்திருந்த விக்தே, தட்டை வழித்து நக்கிக்கொண்டே.

"வெங்காயம், அண்ணி."

"சூப்பு அமிர்தமா இருக்குடி. எங்க பறிச்ச காளான் இது?"

மோர்த்தா இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்தாள்.

"எங்க பறிப்பேன்? எல்லாரையும் மாதிரி ஓநாய்ப் பள்ளத்துலதான்" என்றாள்.